இரண்டு ஸ்டேஷனும் ஒரே தூரம் என்றால்

அன்புள்ள வாசகருக்கு,

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியேறியிருக்கிறீர்கள். காளிகாட், ரவீந்திர சரோவர் இரண்டு மெட்ரோ நிலையங்களும் வீட்டிலிருந்து ஒரே தூரம். எஸ்பிளனேடு போக எதில் ஏறுவது என்று கேட்டிருக்கிறீர்கள். காளிகாட்டில் ஏறுங்கள். இரண்டிலும் வருவது அதே ரயில்தான். சரோவரை விட்டு அது காளிகாட் வந்து சேர ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடம் நீங்கள் வீட்டில் காபி குடிக்கலாம். எதிர்த்திசையில் டாலிகஞ்ச் போவதென்றால் கணக்கு தலைகீழ்.

இதற்குக் கணினி வடிவியலில் ஒரு படம் உண்டு. எந்த வீட்டுக்கு எந்த நிலையம் அருகில் என்று தூரத்தை வைத்துப் பிரித்தால், எல்லை நட்டநடுவே ஓடும் நேர்கோடு. வரோனாய் படம் என்பார்கள். ரயிலின் அந்த இரண்டு நிமிடத்தையும் சேர்த்து நேரத்தை வைத்துப் பிரித்தால் அந்தக் கோடு அதிபரவளைவாகிவிடும். மணிக்கு 4 கிலோமீட்டர் நடப்பவருக்கு இரண்டு நிமிடம் என்பது சுமார் 130 மீட்டர். அதில் பாதி, 65 மீட்டர் அளவுக்கு, எல்லை சரோவர் பக்கம் நகர்ந்து அந்த நிலையத்தைச் சுற்றி வளையும்.

டிராமுக்கு இந்தப் படம் பொருந்தாது. 1873இல் குதிரை இழுத்த காலத்தில் தொடங்கிய வண்டி. மெதுவாகப் போகையில் நினைத்த இடத்தில் தொற்றிக்கொள்பவர்களை இந்த ஊர் நிறையப் பார்த்திருக்கிறது. அப்படி எங்கும் ஏறலாம் என்றால் கேள்வியே மாறுகிறது: தண்டவாளத்தை எந்தக் கோணத்தில் போய்த் தொடுவது? டிராமின் வேகம் உங்கள் நடையைப் போல இரு மடங்கு, போகவேண்டிய இடமும் தொலைவில் என்றால், நேரே குறுக்காக நடக்கக் கூடாது. போகும் திசையில் சாய்ந்து, தண்டவாளத்துக்கு 60 பாகையில் நடக்க வேண்டும். ஒளி விலகலின் விதியும் இதே கணக்குதான். (காத்திருக்கும் நேரம் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். கொல்கத்தாக்காரர்கள் சிரிக்கட்டும்.)

ஐக்ஹோல்சர், ஆரன்ஹாமர், பலோப் ஆகிய மூவர் 2002இல் எழுதிய கட்டுரை இந்த டிராம் வகை நகரத்தைத்தான் எடுத்துக்கொண்டது: பாதையில் எங்கும் ஏறலாம், இறங்கலாம், நடப்பதோ கிழக்கு மேற்காக அல்லது தெற்கு வடக்காக மட்டும். வட கொல்கத்தாவின் சந்துகளுக்கு அது ஒத்துவராது என்பது என் எண்ணம்.

மெட்ரோவில் நிலையத்தில் மட்டுமே ஏற முடியும். அதனால், ஹவுரா மைதான் நிலையத்திலிருந்து இருபது நிமிடத்தில் போகக்கூடிய இடங்களை வரைந்தால் ஒரே வட்டம் கிடைக்காது. ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் ஒரு வட்டம் முளைக்கும். 2024 மார்ச்சில் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் ரயில் ஓடத் தொடங்கியதும் அப்படித்தான் அக்கரையில் வட்டங்கள் முளைத்தன. ஆற்றுக்கு அடியில் 520 மீட்டர். கடக்க 45 விநாடி. 2025 ஆகஸ்டில் எஸ்பிளனேடும் சியால்தாவும் இணைந்தபோது சால்ட் லேக் வரைக்கும் எல்லைகளை மறுபடி வரைய வேண்டியதாயிற்று.

தட்டையான தாளில் வராத ஒன்றும் உண்டு. ஹவுரா நிலையத்தின் நடைமேடை ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஆற்றைக் கடக்கும் நேரத்தைவிட நகரும் படிக்கட்டில் இறங்கும் நேரம் அதிகம். ஆகவே காளிகாட்டுக்கு நடந்து பார்க்கும்போது, நிலைய வாசலோடு கடிகாரத்தை நிறுத்திவிடாதீர்கள். நடைமேடையில் கால் வைக்கும்வரை ஓடட்டும்.

அன்புடன்,
கட்டுரையாளர்