தரவுத்தளம் தெரிந்தவரா? தெரிந்ததைப் பகிருங்கள்!

நாம் அன்றாடம் கையாளும் பல தரவுத்தள நுட்பங்கள் முன்பின் தெரியாத யாரோ பணம் வாங்காமல் சொல்லிக் கொடுத்தவைதான். அந்தக் கடனைத் தீர்க்கச் சில வழிகள்:

● முதல் உரைக்கு ஒரே ஒரு சிக்கலை எடுங்கள். 'இண்டெக்ஸ் இருந்தும் குவெரி ஏன் மெதுவாக ஓடுகிறது?' என்பது போதும். எக்ஸ்பிளெய்ன் கட்டளையை ஓட்டிக் காட்டி விளக்குங்கள்.

● வகுப்பில் அலுவலக வாடிக்கையாளர்களின் தகவலை ஒருபோதும் காட்டாதீர்கள். சகிலா, நார்த்விண்ட் போன்ற மாதிரித் தரவுத்தளங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

● மாணவர்களுக்கு எஸ்கியூலைட்டில் தொடங்குங்கள். தனி சர்வர் தேவையில்லை. பழைய கணினியிலும் ஓடும்.

● பேக்கப் எடுக்க மட்டுமல்ல, அதை மீட்டெடுத்துச் சரிபார்க்கவும் பழக்குங்கள்.

● சந்தேகம் கேட்பவரிடம் முதலில் மென்பொருளின் பதிப்பு, டேபிள் அமைப்பு, பிழைச் செய்தி ஆகியவற்றைக் கேளுங்கள். விடையோடு காரணத்தையும் சொல்லுங்கள்.

● மேடைக் கூச்சமா? 2007-இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் தொடங்கிய எஸ்கியூஎல் சாட்டர்டே போன்ற இலவசப் பயிற்சி நாட்களில் பதிவு மேசை, அரங்க ஏற்பாடு ஆகியவற்றுக்கும் தன்னார்வலர்கள் தேவை.

● போஸ்ட்கிரெஸ் திட்டத்தில் கையேட்டுப் பிழைகளைத் திருத்தலாம். பிறர் அனுப்பும் நிரல் மாற்றங்களைச் சோதித்துக் கருத்துச் சொல்லலாம்.

● புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவருக்கு வழிகாட்டியாக இருங்கள். வாரம் அரை மணி நேரம் ஒதுக்கினாலே போதும்.

எல்லாம் கற்று முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நேற்று கற்றதை இன்றே ஒருவருக்குச் சொல்லிக் கொடுங்கள். உங்களுக்கும் அது நன்றாகப் பதியும்.