மினுங்கும் திருகாணியும் பொருந்தும் திருகாணியும்

கையடக்க விளையாட்டுக் கருவியைத் திருத்துகிறவர்கள் திரைக்கும் பற்றரிக்கும் பணம் ஒதுக்குவார்கள். திருகாணியைப் பற்றி யோசிக்க மாட்டார்கள். பழையது தேய்ந்துவிட்டால் ஒரு பக்கெட் புதியது வாங்கிப் பூட்டிவிட்டால் போதும் என்பதுதான் பொதுவான எண்ணம். இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு புதிய கருவி வாங்குவது நினைத்தவுடன் நடக்கிற காரியமாக இல்லை. ருவான்வெல்லை போன்ற ஊரில் ஒரு பழைய நின்டெண்டோவையோ பிஎஸ்பியையோ வைத்திருப்பவர் அதைப் பல முறை திறந்து மூட வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட கருவிக்குத் திருகாணி தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அது இறங்கும் துளை, அடுத்தது அதைச் சுழற்றும் முனை. எந்த உலோகம் என்ற கேள்வி கடைசியில்தான் வரும். கடையில் நாம் கேட்பதோ இதற்கு நேர்மாறான வரிசையில்.

துளை இரண்டு வகை. ஒன்றில் திருகாணி உலோகப் புரிக்குள் இறங்கும். மற்றதில் பிளாஸ்டிக் தூணைத் தானே அறுத்துக்கொண்டு இறங்கும். முதல் வகைக்கான திருகாணியில் புரிகள் நெருக்கமாக இருக்கும்: 2 மில்லிமீற்றர் தடிப்புள்ளதில் ஒரு புரிக்கும் அடுத்ததற்கும் இடையே 0.4 மில்லிமீற்றர்தான். பிளாஸ்டிக்குக்கானதில் புரிகள் அகன்று, விளிம்பு கூர்மையாக இருக்கும். தடிப்பு ஒன்றுதானே என்று உலோகத்துக்கானதைப் பிளாஸ்டிக் தூணில் பூட்டினால், பிளாஸ்டிக்கில் ஏற்கெனவே வெட்டப்பட்ட புரியின் குறுக்கே இன்னொரு புரி விழும். அப்போது இறுகியது போலத் தோன்றும். அடுத்த முறை திறக்கும்போது தூணுக்குள் மாவுதான் மிஞ்சியிருக்கும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி நல்ல சான்று. 2022இல் வந்த முதல் மாதிரியில் பின்மூடியின் திருகாணிகள் நேராகப் பிளாஸ்டிக்கில் இறங்கின. 2023 நவம்பரில் வந்த ஓலெட் மாதிரியில் அவை உலோகப் புரிக்குள் இறங்கும்படி மாற்றப்பட்டன. தலையும் ஆறுமுனை நட்சத்திர வடிவான டொர்க்ஸுக்கு மாறியது. பயனர்கள் மூடியைத் திறப்பார்கள் என்று ஒப்புக்கொண்ட நிறுவனம் முதலில் கைவைத்த இடங்களில் இதுவும் ஒன்று. ஒரே பெயருள்ள கருவியின் இரண்டு மாதிரிகளுக்கு ஒரே திருகாணி பொருந்தாது என்பதையும் இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். பொருத்தம் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பழையதையும் புதியதையும் பக்கம் பக்கமாக ஒட்டி வெளிச்சத்தில் பிடியுங்கள். புரிகள் ஒன்றுக்குள் ஒன்று இடைவெளியின்றிப் பல் பதித்தால் சரி. வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். நீளத்தை வேணியர் இடுக்கியால் அளவிடுங்கள். தட்டைத் தலை உள்ளே அமிழும் வகையென்றால் தலையையும் சேர்த்து அளக்க வேண்டும். தலை மேலே நிற்கும் வகையென்றால் தலைக்குக் கீழிருந்து. அரை மில்லிமீற்றர் கூடினாலே திரையின் பின்புறத்தையோ மின்சுற்றுப் பலகையையோ குத்திவிடக்கூடும்.

தலையைப் பற்றி ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு: திருகாணி கெடுவதற்கு டிரைவர்தான் காரணம், திருகாணியைக் குறை சொல்லி என்ன பயன்? பாதி உண்மை. 1989இன் கேம் பாய் முதல் 2017இன் ஸ்விட்ச் வரை நின்டெண்டோவின் பல கருவிகளில் வெளி மூடிக்கு மூன்று கை கொண்ட தலை பயன்படுத்தப்பட்டிருக்கிறது. அதைச் சிறிய தட்டை டிரைவரால் கிளறுகிறவர்களே அதிகம். உள்ளே இருக்கும் கூட்டல் குறித் தலைகளும் ஜப்பானியத் தரத்தைச் சேர்ந்தவை. சாதாரண ஃபிலிப்ஸ் முனை அவற்றின் அடி வரை இறங்காது, வழுக்கி விளிம்பைத் தின்றுவிடும். ஆகவே திருகாணிக்கு முன் சரியான முனை வாங்குங்கள் என்பதில் மறுப்பில்லை. ஆனால் மலிவான பக்கெட்டில் வருவதன் குழி ஆழமில்லாமலும் மையம் விலகியும் இருந்தால், சரியான முனையும் அங்கே தோற்றுவிடும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இது வாங்கும்போதே தெரியும். மூன்று கைத் தலையைக் கூட்டல் குறித் தலையாக மாற்றலாமா என்றால், தாராளமாக மாற்றலாம். தலையின் உயரமும் அடிப்பக்கத்தின் சரிவும் பழையதைப் போலவே இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இனி உலோகம். ருவான்வெல்லை இருக்கும் ஈர வலயத்தில் ஆண்டு மழை 2500 மில்லிமீற்றருக்கு மேல். றப்பர் தோட்டத்து வீடுகளில் மாதக்கணக்கில் காற்றே நனைந்திருக்கும். கை வியர்வையின் உப்பும் சேர்ந்தால் பூச்சு உரிந்த இரும்பு துருப்பிடிக்க நெடுநாள் ஆகாது. துருப்பிடிக்காத எஃகுதான் இங்கே ஏற்றது என்ற வாதத்துக்கு உண்மையான வலு இருப்பது இதனால்தான். ஆனால் பரவலாகக் கிடைக்கும் 304 வகை, பதப்படுத்திக் கடினமாக்கிய இரும்பைவிட மென்மையானது. இத்தனை சிறிய தலையில் அந்த மென்மை முனைக்குத் தாங்காது. காந்தத்திலும் அது சரியாக ஒட்டாததால் டிரைவர் நுனியில் நிற்காமல் உள்ளே விழுந்து தொலையும். என் தீர்ப்பு இதுதான்: தொடர்ந்து வியர்வை படும் வெளி மூடிக்குத் துருப்பிடிக்காத எஃகு, உள்ளே பூச்சுள்ள இரும்பு. பூச்சு பெரும்பாலும் உரிவது டிரைவர் வழுக்கும்போதுதான் என்பதால், இங்கும் முனையே முதலில் வருகிறது.

எங்கே வாங்குவது? எல்லாவற்றிலும் மேலானது அதே மாதிரியைச் சேர்ந்த, இனி உயிர் வராத ஒரு கருவியின் திருகாணி. புரி, நீளம், தலை மூன்றையும் தொழிற்சாலையே அளந்து வைத்திருக்கிறது. அடுத்தது, அளவு எழுதித் தனித்தனியாக விற்கப்படுவது. கொழும்புப் புறக்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் பழையதை ஒரு தாளில் ஒட்டி எடுத்துப் போனால் வேலை எளிது. “எல்லா மாதிரிக்கும் பொருந்தும்” என்று விற்கும் கலப்புப் பக்கெட் கடைசிதான். செத்த கருவிக்கு எங்கே போவது, பக்கெட் மலிவாயிற்றே என்று கேட்கலாம். போன் ரிப்பேர் கடைகளின் கழிவுப் பெட்டியில் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. மலிவு என்பதையும் திருகாணியின் விலையை வைத்துக் கணக்கிடக் கூடாது. பிளாஸ்டிக் தூண் ஒன்று உடைந்தால் முழு மூடியையும் மாற்ற வேண்டி வரும். உலோகப் புரியில் மட்டும் இறங்குகிற இடங்களுக்குப் பக்கெட்டிலிருந்து பொறுக்கி எடுக்கலாம், அதுவும் பல் பதித்துப் பார்த்த பிறகு.

திருகாணி தளர்ந்து வருகிறதே என்று புரிப் பசை பூசும் வழக்கமும் இருக்கிறது. உலோகத்தில் சரி, ஆனால் அந்தத் திரவம் பல பிளாஸ்டிக்குகளை வெடிக்க வைக்கும், தூண்களில் தொடவே வேண்டாம். பூட்டும்போது முதலில் டிரைவரை இடப்பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். பழைய புரிக்குள் திருகாணி ‘டிக்’கென்று விழுவது விரலுக்குத் தெரியும், அதன் பிறகு வலப்பக்கம் திருப்பி, தலை மூடியைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள்.