கால்சுரத்தில் கார்டு கட்டப் போகிறவருக்கு

கண்ணு, ஒரு ஸ்தாயியை 12-ஆக அல்லாமல் 24 சம பங்காக, அதாவது கால்சுரங்களாக, பிரித்து, அதில் ஹார்மனி எழுத ஆசை என்றாய். கேட்கவே நிறைவாக இருந்தது. தொடங்குமுன் சிலவற்றை மனசில் போட்டுக்கொள்.

1. முதலில் காது, அப்புறம்தான் காகிதம். செக் இசைஞர் அலோயிஸ் ஹாபா கால்சுரங்களைத் தொண்டையிலேயே பிடித்துக் காட்டக்கூடியவர். 1931-ல் மியூனிக்கில் அரங்கேறிய அவருடைய ‘அம்மா’ ஓபராவில் பாடகர்கள் அவற்றைப் பாடியே காட்டினார்கள். நீ பாடிப் பார்க்காத இடைவெளியை அடுத்தவர் விரலுக்கு எழுதிக் கொடுக்காதே.

2. கொஞ்ச நாள் ஒரே ஒரு கார்டோடு இரு. சி-யையும் அதன் மேல் ஜி-யையும் பிடி. அவற்றின் நடுவே மைனருக்கு, சி-யிலிருந்து 300 சென்டில் (ஒரு கால்சுரம் 50 சென்ட்) ஒரு சுரம், மேஜருக்கு 400-ல் ஒரு சுரம் உண்டு. நீ 350-ல் ஒன்றை வை. கீழே ஏழு கால்சுரம், மேலே ஏழு கால்சுரம் என்று சரிபாதியாக நிற்கும். முதல் தடவை, ‘இது சுருதி சேராத மைனர்’ என்று காது முறையிடும். அந்த இடத்திலேயே மூடி வைத்துவிட்டுப் போன நல்ல கலைஞர்களைப் பார்த்திருக்கிறேன். நீ போய்விடாதே. மெல்லத் தட்டு, ஒலி அடங்கும்வரை கேள், மறுபடி தட்டு. சில நாளில் அது மேஜரும் இல்லாமல் மைனரும் இல்லாமல் தனக்கென்று ஒரு முகம் காட்டும். பழகாத முகத்தைக் கோணல் என்று சொல்வது அவசரக்காரன் புத்தி.

3. 24 கிடைத்ததால் எல்லாம் கிடைத்துவிட்டது என்று நம்பாதே. ஒரு சுரத்தின் 11-வது ஹார்மானிக் (அதன் அதிர்வெண்ணைப் போல் 11 மடங்கு), ஸ்தாயிகளைக் கழித்தால், சுமார் 551 சென்டில் விழும். சாதாரணப் பியானோவில் அதற்குக் கட்டையே இல்லை. இங்கே 550-ல் இருக்கிறது. தாழ்ந்த சி-க்கு மேலே இடம் விட்டு அதை உச்சியில் வை, கார்டோடு இழைந்துவிடும். ஆனால் 7-வது ஹார்மானிக் 969-ல் விழுகிறது. 950-ம் அதற்குப் பொருந்தாது, 1000-ம் பொருந்தாது. இருப்பதை இருக்கிறபடி ஒத்துக்கொள்ளும் மனசு வேண்டும்.

4. அடக்கத்தை இவான் விஷ்னெகிராட்ஸ்கியிடம் கற்றுக்கொள். ரஷ்யாவில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த இசையமைப்பாளர். 1932-ல் கால்சுர ஹார்மனிக்கென்றே கையேடு வெளியிட்டார். 11 கால்சுரத் தாவலாக ஏறிக்கொண்டே போனால் 24 சுரத்தையும் தொட்ட பிறகுதான் புறப்பட்ட சுரத்துக்குத் திரும்பலாம். அவர் அந்த வரிசையில் 13-ஐ மட்டும் எடுத்து ஸ்கேல் அமைத்து, 1934-ல் 24 பிரெலூடுகள் எழுதினார். கை நிறைய இருந்தும் எண்ணிச் செலவழித்த அந்தக் குணம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

5. அமெரிக்க இசையமைப்பாளர் சார்லஸ் ஐவ்ஸுக்கு, கால்சுரத்தில் மூன்று சுரக் கார்டைவிட நான்கும் அதற்கு மேலும் கொண்ட கார்டே இயல்பான அடித்தளமாகத் தோன்றியது. நீயும் முயன்று பார். ஆனால் அதைச் சாக்காக வைத்துச் சுரங்களைக் கொட்டாதே. ஒவ்வொன்றாக எடுத்துப் பார். எடுத்தும் குறை தெரியாவிட்டால் அந்தச் சுரம் வேண்டாம்.

6. கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்திருந்தால், 22 சுருதியையும் இந்த 24-ஐயும் ஒன்றாகக் குழப்பாதே. கமகத்தில் சுரம் அசைந்து அழகாகும். கார்டில் அசையாமல் நின்று பக்கத்துச் சுரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

7. ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் போகையில் ஒரு குரலை மட்டும் கால்சுரம் நகர்த்து, மற்றவை நிற்கட்டும். 400, 350, 300 என்று நடுச்சுரம் மட்டும் இறங்குவதைக் கேட்டாலே போதும், உனக்கே ஆசை வந்துவிடும்.

8. தனி வாத்தியம் கிடைக்கவில்லையே என்று காத்திருக்காதே. ஐவ்ஸின் மூன்று கால்சுரத் துண்டுகளும் விஷ்னெகிராட்ஸ்கியின் பிரெலூடுகளும் கால்சுர வித்தியாசத்தில் சுருதி சேர்த்த இரண்டு பியானோக்களுக்கானவை. இரண்டு கீபோர்டு எடுத்து ஒன்றை 50 சென்ட் ஏற்றிவிடு. உன் கையில் இருப்பது பாதிக் கார்டுதான். மீதி எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் இருக்கிறது. அதனால் உன் விரலைவிட அவர் விரலை அதிகம் கேள். ஒத்திகையில் ஒருமுறையாவது இடம் மாறி உட்கார்ந்து, அவர் பகுதியை நீ வாசி.