வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாரா? மற்றவர்களுக்குச் சில வேலைகள்

ஐப்பசி மழை தொடங்கினால் டெங்கு, ஃப்ளூ, மஞ்சள் காமாலை. வெயில் ஏறினால் அம்மை. எல்லாருக்கும் வருபவைதான். கர்ப்பிணிக்கு வந்தால் கணக்கே வேறு. ஆனால் அறிவுரை முழுவதையும் அவர் தலையிலேயே கட்டிவிடுகிறோம். கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவை கணவர், மாமியார், நாத்தனார் செய்ய வேண்டியவை.

1. டெங்குவையும் ஜிகாவையும் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், தேங்கிய நல்ல தண்ணீர் போதும். ஃப்ரிட்ஜின் பின்புறத் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், கொட்டாங்குச்சி, மொட்டைமாடி டயர் எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை வீட்டு ஆண்கள் சுற்றிப் பார்க்கட்டும். தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும்.

2. இந்தக் கொசு பகலில் கடிக்கும். மதியத் தூக்கத்துக்கும் வலை கட்டுங்கள்.

3. கேரளத்தில் 2021 ஜூலையில் ஜிகா முதலில் தெரியவந்தது, குமரி எல்லையை ஒட்டிய பாறசாலையைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணியிடம். இது கருவின் மூளை வளர்ச்சியைத் தாக்கக்கூடியது. பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது. கொசு தவிர உடலுறவு வழியாகவும் தொற்றும். ஜிகா பரவும் ஊருக்குக் கணவர் போய் வந்திருந்தால், காய்ச்சல் இல்லாவிட்டாலும், பிரசவம் வரை ஆணுறை அவசியம். இதைச் சொல்லக் கூச்சப்பட்டே பலர் விட்டுவிடுகிறார்கள்.

4. ‘வெந்நீர்தான் கொடுக்கிறோம்’ என்பார்கள். பார்த்தால் வெதுவெதுப்பாக்கிய தண்ணீர். தளதளவென்று கொதித்து, அதன்பின் ஒரு நிமிடமாவது அடுப்பில் இருக்க வேண்டும். ஆறியதும் பச்சைத் தண்ணீரில் கழுவிய சொம்பை அதில் விடாதீர்கள். அசுத்த நீரில் வரும் ஹெபடைடிஸ் ஈ மஞ்சள் காமாலை மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானாக ஆறிவிடும். கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் பெண்களுக்கு வந்தால் 100-ல் 20 முதல் 25 பேர் வரை உயிரிழக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்க்க நேரம் கிடையாது. அன்றே மருத்துவமனை.

5. மூத்த பிள்ளை தட்டில் வைத்த மிச்சத்தை அம்மா வழித்துச் சாப்பிடுவது நம் வீடுகளின் வழக்கம். சின்னப் பிள்ளைகளின் எச்சில், சிறுநீர் வழியாகப் பரவும் சைட்டோமெகலோ வைரஸ் கருவின் காது கேட்கும் திறனைக் கெடுக்கலாம். மிச்சத்தை அப்பா சாப்பிடட்டும். டயப்பர் மாற்றினால் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவவும்.

6. வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால் வேப்பிலை செருகுவதெல்லாம் இருக்கட்டும்; கூடவே கர்ப்பிணியின் மருத்துவருக்கு அன்றே போன் போகட்டும். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே தொற்று பரவும். ஆகவே ‘பார்த்ததும் தள்ளி வைத்துவிட்டோம்’ என்பதில் நிம்மதி இல்லை. முன்பு சின்னம்மை வராதவர் என்றால் தொடர்பு ஏற்பட்ட பத்து நாளுக்குள் பாதுகாப்பு ஊசி போட வழியுண்டு. அவருக்கே கொப்புளம் வந்துவிட்டால் முதல் 24 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்குவது நல்லது. நுரையீரலில் இறங்கினால் ஆபத்து. பிரசவத்தை ஒட்டி வந்தால் பச்சிளங்குழந்தையையும் கடுமையாகத் தாக்கும்.

7. வளைகாப்புக்கு அழைக்கும்போதே, ‘காய்ச்சல், சளி இருந்தால் பிறகு வந்து பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று மாமியார் வாயால் சொல்லிவிடட்டும். மருமகள் சொன்னால் மனஸ்தாபம் வரும். சந்தனம் பூச வருகிறவர்களுக்கு வாசலிலேயே சோப்பும் தண்ணீரும் வையுங்கள்.

8. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், மருத்துவர் சொன்ன அளவில். டெங்குவாக இருக்குமோ என்ற சந்தேகம் இருக்கும்வரை ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கூடாது, ரத்தப்போக்கைக் கூட்டும். இன்னொரு வேடிக்கை: மாசமான பெண்ணைப் பப்பாளிப் பழத்தின் பக்கமே விடாத வீடு, டெங்கு என்றதும் பப்பாளி இலைச் சாற்றை டம்ளரில் நீட்டும். கர்ப்பத்தில் அது பாதுகாப்பானது என்று நிறுவப்படவில்லை. நிலவேம்பும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

9. டெங்குவில் காய்ச்சல் விட்டதும் ‘அப்பாடா’ என்று காவலைத் தளர்த்துவதுதான் தவறு. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சூடு இறங்கும் சமயத்தில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். விடாத வாந்தி, வயிற்றுவலி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது, குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். நிறைமாதத்தில் அந்த வயிற்றுவலியைப் பொய்வலி என்று வீட்டிலேயே தீர்மானிக்க வேண்டாம்.

10. ஃப்ளூ தடுப்பூசியைக் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். ரூபெல்லா, சின்னம்மை ஊசிகள் உயிருள்ள வைரஸால் ஆனவை என்பதால் கர்ப்பத்தில் போடுவதில்லை. அவற்றைப் போட்டபின் ஒரு மாதமாவது கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். வீட்டில் அடுத்து கல்யாணத்துக்கு நிற்கும் பெண் இருந்தால், புடவை எடுக்கப் போகும் வாரத்திலேயே இதையும் விசாரித்துவிடுங்கள்.