கருவிப்பட்டையில் இடைவெளி: எங்கே விடுவது, எங்கே விடக்கூடாது

கருவிப்பட்டையைப் பற்றி வரும் புகார்கள் பெரும்பாலும் இரண்டு வகைதான். "ரொம்ப நெருக்கமா இருக்கு, தப்பா கிளிக் ஆகுது" என்பார் ஒருவர். "பட்டையே பாதித் திரையை அடைச்சிக்கிட்டா பில் எப்படித் தெரியும்?" என்பார் இன்னொருவர். இருவரும் ஒரே பட்டையைத்தான் சொல்லியிருப்பார்கள். இடைவெளியைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் இருவரில் ஒருவர் எப்போதும் கோபமாக இருப்பார். அந்த இடைவெளி பொத்தானுக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று பாருங்கள்; பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

சிறு கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1366×768 திரை, விண்டோஸ், கியூடி (Qt) நிரலகத்தில் எழுதியது.

முதல் வேலை கழிப்பது. மென்பொருளில் உள்ள கட்டளைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒரு நாளில் பலமுறை தொடுபவற்றை மட்டும் பட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதிய பில், சேமி, அச்சிடு, தேடு, சரக்கு சேர், ரத்து: இவை போதும். ஆண்டுக்கு ஒருமுறை தொடும் கணக்கு முடிப்புக்குப் பட்டையில் என்ன வேலை? மெனுவே அதற்கு ஏற்ற இடம். வேர்டு 2003 வரை புது வசதிகளுக்காகப் பட்டைகளைச் சேர்த்துக்கொண்டே போனதால்தான், ஆபீஸ் 2007-இல் எல்லாவற்றையும் கலைத்து ரிப்பனாக அடுக்க வேண்டி வந்தது. (கல்லாவில் பழகிய கை மவுஸைத் தொடவே தொடாது, எஃப்2, எஃப்5 என்று விசைகளிலேயே போய்விடும். பட்டை புதிதாகச் சேர்ந்தவருக்கும் எப்போதாவது உட்காரும் முதலாளிக்கும்தான். அதை மனதில் வைத்தே வடிவமைக்க வேண்டும்.)

அடுத்தது அளவு. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 16 பிக்சல் ஐகான்களை வைத்து, நடுவே 16 பிக்சல் வெற்றிடம் விட்டால் பட்டை காற்றோட்டமாகத் தெரியும். ஆனால் கிளிக்கை வாங்கும் பரப்பு 16×16, அதாவது 256 பிக்சல்தான். நடுவிலுள்ள வெற்றிடத்தில் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. அதே ஐகானை அங்கேயே வைத்து, பொத்தானின் உட்புற ஓரத்தை நாலாபுறமும் 8 பிக்சலாக்கி, பொத்தான்களுக்கு நடுவே இடைவெளியைப் பூஜ்யமாக்குங்கள். கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது. இரண்டு ஐகான்களுக்கு நடுவே அதே 16 பிக்சல்தான். ஆனால் பொத்தான் 32×32 ஆகிவிட்டது. கிளிக் பரப்பு நான்கு மடங்கு. கியூடியில் இதற்கு ஸ்டைல்ஷீட்டில் இரண்டே வரி: கருவிப்பட்டையின் ஸ்பேசிங் 0, பொத்தானின் பேடிங் 8 பிக்சல்.

இலக்கு எவ்வளவு பெரிதோ, எவ்வளவு அருகிலோ, அவ்வளவு சீக்கிரம் கை அதை எட்டும் என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இல் வாய்பாடாகவே எழுதிவைத்தார். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி-யின் அணுகல்தன்மை நெறிமுறை 2.2 (2023) குறைந்தபட்சம் 24×24 பிக்சல் கேட்கிறது. அது இணையப் பக்கங்களுக்கானது என்றாலும் மேசைக் கணினிக்கும் நல்ல அளவுகோல். மவுஸுக்கு 24-க்குக் கீழே போகாதீர்கள். தொடுதிரையும் உண்டென்றால் 40-ஐத் தாண்டுங்கள்.

பட்டைக்கு மேலும் கீழும் விடும் ஓரத்தையும் இப்படியே பொத்தானுக்குள் தள்ளிவிடலாம். 32 பிக்சல் பொத்தானுக்கு மேலே 4, கீழே 4 விட்டால் பட்டை 40 பிக்சல் ஆகிவிடும். வரிக்கு 20 பிக்சல் என்றால் பில்லில் இரண்டு வரி இடத்தைப் பட்டையே எடுத்துக்கொள்ளும். படம் திருத்தும் மென்பொருளான கிம்ப்பில் போல இடது ஓரத்தில் நிற்கும் பட்டையாக இருந்தால், திரை விளிம்புக்கும் பொத்தானுக்கும் நடுவே ஒரு பிக்சல்கூட விடாதீர்கள். விளிம்பில் மவுஸ் தானாக முட்டி நிற்கும். அந்த வசதியை ஒற்றைப் பிக்சல் கெடுத்துவிடும். விண்டோஸ் 95-இன் ஸ்டார்ட் பொத்தான் மூலையில் இருந்தும், மூலையின் கடைசிப் பிக்சல்களில் அழுத்தினால் திறக்காது. பின்னால்தான் சரிசெய்தார்கள்.

இவ்வளவும் சரியா என்று பார்க்க ஒரு குறுக்குவழி: எல்லாப் பொத்தான்களின் பின்னணியையும் தற்காலிகமாகச் சிவப்பாக்கி ஓடவிடுங்கள். பட்டையில் சிவப்பில்லாத இடமெல்லாம் செத்த இடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும்.

நியாயமான காரணம் ஒன்று உண்டு: குழு பிரிப்பது. அருகருகே இருப்பவற்றை ஒரே கூட்டமாகக் கண் எடுத்துக்கொள்ளும். புதிய பில்லும் சேமியும் ஒட்டி நிற்கட்டும். அச்சிடு தொடங்கும் இடத்தில் 8 முதல் 12 பிக்சல் விடுங்கள். கூடவே பிரிகோடும் போட வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். குழுவுக்குள் பூஜ்யமும் குழுக்களுக்கு நடுவே 12-ம் இருந்தால் அதுவே பேசும். உள்ளே 6, வெளியே 8 என்று வைப்பவர்கள்தான் கோட்டைத் தேடிப் போகிறார்கள்.

ரத்து பொத்தானைச் சேமிக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். வலது கோடிக்குத் தள்ளுங்கள்.

எழுத்து வேண்டுமா, ஐகான் மட்டும் போதுமா? எல்லாவற்றுக்கும் எழுத்து வைத்தால் பட்டை வழியும். எதற்குமே வைக்காவிட்டால் புதியவர் திணறுவார். பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் சில பொத்தான்களுக்கு மட்டும் வலப்பக்கம் பெயர் காட்டும் வசதி இருந்தது. அந்த யோசனை இன்றும் நல்லது: அதிகம் தொடும் இரண்டு மூன்றுக்கு மட்டும் பெயர், மற்றவற்றுக்கு மவுஸ் நின்றால் தோன்றும் குறிப்பு. தமிழ் இடைமுகத்துக்கு இது இன்னும் பொருந்தும். 'சேமி' அடங்கிவிடும், 'வாடிக்கையாளர்' அடங்காது. அகலத்தை ஆங்கிலச் சொல்லை வைத்துப் பூட்டாதீர்கள், உயரத்தையும்தான். 'கீ'யின் கொக்கி மேலே போகும், 'மூ'வின் சுழி கீழே இறங்கும். ஆங்கில எழுத்துருவுக்கு அளவெடுத்த பெட்டியில் இரண்டும் வெட்டுப்படும்.

ஜன்னலைச் சுருக்கும்போது பொத்தான்களை நசுக்கக் கூடாது. இடம் போதாதவை வலக்கோடியில் ஓர் அம்புக்குறிக்குள் போகட்டும். கியூடி இதைத் தானே செய்யும். எது கடைசியாக மறையும் என்பதை வரிசை தீர்மானிப்பதால், முக்கியமானவற்றை இடப்பக்கம் அடுக்குங்கள். வலது கோடியில் வைத்த ரத்து முதலில் மறையும். அது மெனுவிலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திரை அளவீட்டை 125, 150 சதவீதத்தில் வைத்தும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஐகான்கள் எஸ்விஜியாக இருந்தால் மங்காது.

கடைசியாக, மென்பொருளின் பதிவுக் கோப்பில் (லாக்) ஒன்றைக் கவனியுங்கள்: பொத்தானை அழுத்திய இரண்டு விநாடிக்குள் எஸ்கேப் அழுத்தி, உடனே பக்கத்துப் பொத்தானுக்குப் போனவை. அச்சிடு ஜன்னலைத் திறந்த வேகத்தில் மூடிவிட்டுத் தேடுவை அழுத்துகிறார்கள் என்றால், அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அடுத்த 12 பிக்சல் போக வேண்டும்.