பேஸ்பால் கணக்கு படிக்கப் புகும் இளையவர்களுக்கு

1. சராசரியில் தொடங்குங்கள். கிரிக்கெட்டில் பழகிய கண் முதலில் தடுமாறுவது அங்கேதான். பேஸ்பாலில் பேட்டிங் சராசரி என்பது ஓட்டக் கணக்கு அல்ல. ஹிட்டுகளை (அடித்து பேஸை எட்டிய தடவைகளை) அட்-பேட்டுகளால் (அடிக்க நின்ற முறைகளால்) வகுத்தால் வருவது. பத்துக்கு மூன்று அடித்தால் 0.300, அவர் நல்ல ஆட்டக்காரர். நான்கு தவறான எறிதல்களுக்காக வாக் வாங்கி பேஸுக்குப் போனது அட்-பேட்டில் சேராது. ஆகவே அதையும் சேர்த்துக் கணக்கிடும் ஆன்-பேஸ் விகிதத்தையும் கூடவே பாருங்கள்.

2. ஒரு மைல்கல்லைப் படித்தால், அது எட்டப்பட்ட நாளையும் தேடிப் படியுங்கள். 1941 பருவத்தின் கடைசி நாள். பாஸ்டன் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸுக்கு அன்று காலை சராசரி 0.39955. மூன்று தசம இலக்கத்துக்குச் சுருக்கினால் 0.400 என்றே ஏட்டில் ஏறும். ஆடாமல் உட்கார்ந்திருந்தால் போதும். அவர் உட்காரவில்லை. பிலடெல்ஃபியாவில் அன்று அடுத்தடுத்து நடந்த இரண்டு ஆட்டங்களிலும் இறங்கி, 8 அட்-பேட்டில் 6 ஹிட் அடித்து, 0.406-இல் முடித்தார். மேஜர் லீக்கின் அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் அதற்குப் பிறகு ஒருவரும் 0.400-ஐ எட்டியதில்லை. என் கண்ணுக்கு அந்த 0.406-ஐவிடக் காலையில் இருந்த 0.39955-தான் பெரிதாகத் தெரிகிறது.

3. ஒரு பெரிய எண் மற்ற எண்களை மறைத்துவிடும். ஹாங்க் ஆரோன் என்றதும் 755 ஹோம் ரன் என்பார்கள். அவருடைய மொத்த ஹிட் 3,771. ஹோம் ரன்கள் அத்தனையையும் கழித்துப் பாருங்கள், மீதி 3,016. வெறும் 3,000 ஹிட்டே பலருக்கு எட்டாத எல்லை! ஒரு பருவத்தில்கூட அவர் 50 ஹோம் ரன் அடித்ததில்லை, அதிகபட்சம் 47. ஆண்டுக்காண்டு சலிக்காமல் ஆடிச் சேர்த்த கணக்கு அது. பேப் ரூத்தின் 714-ஐ நெருங்கியபோது, கறுப்பினத்தவர் என்பதற்காகவே கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன. 1974 ஏப்ரல் 8 அன்று அட்லாண்டாவில் 715-ஆவதை அடித்தார்.

4. ஆண்டைப் பார்க்காமல் பந்தெறியும் பிட்சர்களை ஒப்பிடாதீர்கள். 1968-இல் பாப் கிப்சனின் ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர் தன் பொறுப்பில் விட்டுக்கொடுக்கும் ஓட்டச் சராசரி) 1.12. அந்த ஆண்டு பிட்சர்களின் கை அவ்வளவு ஓங்கியிருந்ததால், அடுத்த பருவத்துக்கு அவர்கள் நின்று எறியும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்துவிட்டார்கள்.

5. ஏட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களைத் தேடுங்கள். கறுப்பின வீரர்கள் தனியே ஆடிய நீக்ரோ லீக்குகளின் கணக்கை மேஜர் லீக் 2024-இல்தான் தன் ஏட்டில் சேர்த்தது. வாழ்நாள் சராசரியில் டை காப்பைத் தாண்டி, 0.372-உடன் ஜாஷ் கிப்சன் முதலிடத்துக்கு வந்தார். அங்கே ஆட்டங்கள் குறைவு, ஒப்பிடக் கூடாது என்பவர்கள் உண்டு. நான் ஏற்கமாட்டேன். கதவை மூடியவர்கள் மேஜர் லீக்காரர்கள். அதற்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்? 1947 ஏப்ரலில் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் அந்தக் கதவைத் திறந்து நுழைந்தார். கிப்சன் அந்த ஜனவரியிலேயே இறந்துபோயிருந்தார்.

6. ஸ்கோர் கார்டு எழுதப் பழகுங்கள். பிட்சர் 1, கேட்சர் 2 என்று களத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் உண்டு. 6-4-3 என்றால், ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து இரண்டாம் பேஸ்காரருக்கு எறிய, அவர் முதல் பேஸுக்கு எறிய, இருவர் அவுட். இந்த வாரமே ஒரு முழு ஆட்டத்தைப் பார்த்து, ஒன்பது இன்னிங்ஸையும் உங்கள் கையாலேயே எழுதிப் பாருங்கள்.