சிற்றில்

உண்ண உணவும், உடுக்க உடையும், உறைய வீடும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன. இவை பெரியோர்க்கு வேண்டுவன போலவே சிறுவர்க்கும் வேண்டும். சிறுவர்க்கோ நான்காவதாக ஒன்றும் வேண்டும். அஃது விளையாட்டு. விளையாட்டிற்கு இடம் வேண்டும். பெரிய வீட்டில் பிறந்த குழந்தைக்குத் திண்ணையும் முற்றமும் தோட்டமும் உண்டு. ஓர் அறையே வீடாக அமைந்த குடும்பத்தில் பிறந்த குழந்தைக்கு அவை இல்லை. எனினும், இவ்விரு குழந்தைகளும் ஒரு செயலைத் தவறாமல் செய்கின்றனர். கட்டிலின் அடியிலோ, கதவின் பின்புறத்திலோ, மாடிப்படியின் கீழோ ஒரு மூலையைத் தேடிப் பிடிக்கின்றனர். அங்கே ஒரு துணியைத் தொங்கவிட்டு, "இஃது எங்கள் வீடு" என்று உரிமை கொண்டாடுகின்றனர். வீட்டினுள்ளே ஒரு வீடு கட்டும் இச்செயல் வெறுங் குறும்பு அன்று. அதன் பொருளை அறிந்தோர் அதற்கு இடந்தருவர். அறியாதோர் அதனைக் கலைத்துவிடுவர்.

இவ்விளையாட்டு இன்று நேற்றுத் தோன்றியதன்று. பழந்தமிழர் இதற்கு அழகிய பெயரொன்று வைத்திருந்தனர். சிறுமை, இல் என்னும் இரு சொற்களும் சேர்ந்து 'சிற்றில்' என்றாயிற்று. சிறிய வீடு என்பது அதன் பொருள். சங்ககாலச் சிறுமியர் தெருவிலும் ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் மணலைக் குவித்துச் சிற்றில் இழைத்தனர். மணலையே சோறாகச் சமைத்துத் தோழியர்க்குப் படைத்து மகிழ்ந்தனர். அவ்விளையாட்டுச் சோற்றிற்குச் 'சிறுசோறு' என்று பெயர். கலித்தொகையில் கபிலர் பாடிய குறிஞ்சிக்கலியில் ஒரு தலைவி, தன் இளமைக்கால நிகழ்ச்சியொன்றைத் தோழியிடம் நினைவுகூர்கின்றாள். அவர்கள் தெருவில் கட்டிய மணல்வீட்டை ஒரு சிறுவன் காலால் சிதைத்ததும், அவர்களுடைய பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியதும் அவள் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை. மணலால் ஆகிய வீடு மறுநாள் காற்றிலேயே கரைந்திருக்கும். எனினும், அதனைக் கட்டியவளுக்கு அஃது உண்மையான வீடாகவே இருந்தது.

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்திலும் சிற்றிலுக்குத் தனியிடம் உண்டு. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் இறுதி மூன்றும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. சிற்றிற் பருவத்தில் சிறுமியர், பாட்டுடைத் தலைவனாகிய சிறுவனை நோக்கித் தம் சிறுவீட்டை அழிக்க வேண்டா என்று வேண்டுகின்றனர். ஆண்டாள் அருளிய நாச்சியார் திருமொழியில் இரண்டாம் பதிகம் முழுவதும் இவ்வேண்டுகோளாகவே அமைந்துள்ளது. மணல்வீட்டிற்காக ஒரு பதிகம் பாடுவதா என்று சிலர் எண்ணக்கூடும். புலவர்கள் அவ்வாறு எண்ணவில்லை. குழந்தை தன் கையால் ஆக்கிய பொருளைப் பிறர் காலால் அழிக்கும்போது அதன் உள்ளம் படும் துன்பத்தை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

பிறநாட்டுக் குழந்தைகளும் இவ்வாறே சிறுவீடு அமைக்கின்றனர். டேவிட் சோபெல் என்னும் அமெரிக்கக் கல்வியறிஞர், இங்கிலாந்தில் டெவன் என்னும் பகுதியிலும், கரீபியன் கடலிலுள்ள காரியகூ என்னும் சிறு தீவிலும் வாழும் சிறுவர்களிடம், அவர்கள் விளையாடும் இடங்களைப் படமாக வரைந்து காட்டச் சொன்னார். ஒன்று செல்வம் மிகுந்த குளிர்நாடு. மற்றொன்று எளிய மக்கள் வாழும் வெப்பத்தீவு. இரண்டிலும் சிறுவர்கள் புதரிலும் மரத்தடியிலும் மறைவிடங்கள் அமைத்திருந்தனர். ஏறத்தாழ ஏழு வயது முதல் பதினொரு வயதுவரை இவ்வார்வம் மிக்கிருப்பதையும் அவர் கண்டார். 1993-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் இச்செய்திகளை விளக்குகின்றது. மொழியும் நிறமும் வேறுபடினும் குழந்தையுள்ளம் ஒன்றே என்பது இதனால் புலனாகும்.

இவ்வார்வத்திற்குக் காரணம் யாது? தான் பிறரைக் காணவும், பிறர் தன்னைக் காணாதிருக்கவும் ஏற்ற இடத்தை மனிதன் இயல்பாகவே விரும்புகின்றான் என்று ஜே ஆப்பிள்டன் என்னும் ஆங்கிலப் புவியியல் அறிஞர் 1975-ஆம் ஆண்டில் எழுதினார். திரையின் இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கும் குழந்தையிடத்தில் இவ்விருப்பத்தைத் தெளிவாகக் காணலாம். மற்றொரு காரணமும் உண்டு. வீட்டிலுள்ள பொருள்கள் யாவும் பெரியவர்களின் அளவிற்கு அமைந்தவை. நாற்காலி உயரம், அலமாரி அதனினும் உயரம். எதை எப்போது செய்வது என்று முடிவு செய்வோரும் பெரியவர்களே. சிற்றிலில் மட்டும் கூரை குழந்தையின் தலைக்கு எட்டும். சட்டமும் குழந்தை இயற்றியதே. அங்கே அது தாயாகவும் தலைவனாகவும் மருத்துவராகவும் ஆசிரியராகவும் தானே ஆகித் தன்னைப் பழக்கிக்கொள்கின்றது.

இவ்வுண்மையை உணர்ந்த பெரியோர் சிலர் உலகிற்கு நற்றொண்டு ஆற்றியுள்ளனர். 1907-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6-ஆம் நாள், உரோமை நகரில் ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த சான் லொரன்சோ என்னும் பகுதியில், மரியா மாண்டிசோரி அம்மையார் 'குழந்தைகளின் இல்லம்' என்னும் பள்ளியைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றி இருந்த குழந்தைகளுக்காகவே அஃது ஏற்பட்டது. குழந்தை தானே தூக்கக்கூடிய சிறு நாற்காலியும், அதன் கைக்கு எட்டும் தாழ்ந்த அலமாரியும் அவருடைய பள்ளிகளில் இடம்பெற்றன. அவ்வம்மையார் 1939-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றிற்கு வந்து, போர்க்காலத்தை இந்தியாவிலேயே கழித்து, ஆசிரியர் பலருக்குப் பயிற்சி அளித்தார். 1943-ஆம் ஆண்டில், செருமானியப் படையின் ஆட்சியில் தவித்த டென்மார்க்கு நாட்டில், கோபன்ஹேகன் நகரின் எம்ட்ரப் பகுதியில் புதுமையான விளையாட்டிடம் ஒன்று தோன்றியது. அங்கே ஊஞ்சலும் சறுக்குமரமும் முதன்மையாக இல்லை. பழைய பலகையும் செங்கல்லும் பிற கழிபொருள்களுமே இருந்தன. அவற்றைக்கொண்டு சிறுவர்கள் தாமே குடில்கள் கட்டினர். சோரன்சென் என்னும் தோட்டக்கலைஞரின் எண்ணத்தில் உதித்தது அவ்விடம். சிறுவர்க்கு வேண்டுவது விலையுயர்ந்த விளையாட்டுப் பொருளன்று. ஆக்குதற்குரிய பொருளும் உரிமையுமே என்பதை அஃது உலகிற்குக் காட்டிற்று.

இனி, சிறிய வீட்டின் நிலையைக் காண்போம். சென்னை போன்ற நகரில் பத்தடி நீளமும் பத்தடி அகலமும் உடைய ஓர் அறையில் தந்தை, தாய், பாட்டி, இரு குழந்தைகள் என ஐவர் வாழ்வதாகக் கொள்வோம். அவ்வறையே சமையற்கூடம், அதுவே உணவறை, இரவில் பாய் விரித்தால் அதுவே பள்ளியறை. எட்டு வயதுச் சிறுமி பாட்டியின் பழம்புடவையைக் கட்டிலின் மேலிருந்து தொங்கவிட்டு, அதன் அடியில் தன் தம்பியுடன் குடித்தனம் நடத்துகின்றாள். கொட்டாங்கச்சி பானையாகின்றது; புளியங்கொட்டை அரிசியாகின்றது. அந்திப்பொழுதில் தாய் வேலை முடிந்து களைப்புடன் வருகின்றாள். விளக்கேற்ற வேண்டும், உலை வைக்க வேண்டும். வழியை மறைத்து நிற்கும் புடவையை அவள் ஒரே இழுப்பில் இழுத்து மடித்துவிடுகின்றாள். சிறுமி தேம்பி அழுகின்றாள். "ஒரு பழந்துணிக்கா இவ்வளவு அழுகை?" என்று தாய் வியக்கின்றாள்.

தாய் கண்டது துணி. சிறுமி இழந்தது வீடு. இருவரிடத்தும் குற்றம் இல்லை. தாய்க்கு இடம் வேண்டும் என்பது உண்மை. சிறுமிக்கு இடம் வேண்டும் என்பதும் உண்மை. இடம் ஒன்றாகவும் தேவை இரண்டாகவும் இருக்கும்போது, பொழுதைப் பங்கிடுவதே அறிவுடைமையாகும். "பாட்டி, இவள் பள்ளியிலிருந்து வந்தது முதல் விளக்கு வைக்கும் வரையில் கட்டிலடி இவளுடையது, அதன்பின் நமது" என்று தாய் உறுதி கூறுவாளாயின், சிக்கல் தீரும். "இன்னும் சற்று நேரத்தில் வீட்டை மடிக்க வேண்டும், கண்ணே" என்று முன்னரே சொல்வாளாயின், குழந்தை தன் கையாலேயே புடவையை மடித்து வைக்கும். தானே மடித்த வீட்டை மறுநாள் மீண்டும் விரிக்கலாம் என்ற நம்பிக்கை அதற்கு உண்டு. பிறர் சிதைத்த வீட்டில் அந்நம்பிக்கை எழுவதில்லை.

சிற்றில் அமைப்பதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மூன்றடி அகலமும் நான்கடி நீளமும் இரு சிறுவர் அமர்வதற்குப் போதும். நூறு சதுர அடி அறையில் அது பன்னிரண்டு சதுர அடியே. கட்டிலின் அடிப்பகுதி இதற்கு மிகவும் ஏற்றது. கூரையும் கால்களும் முன்னரே அமைந்திருத்தலால், இருபுறம் துணி தொங்கவிட்டால் போதுமானது. கட்டில் இல்லாத வீட்டில், இரண்டு சன்னற் கம்பிகளுக்கிடையே கொடி கட்டி, அதன்மீது புடவையைப் போட்டு, இரு ஓரங்களையும் தலையணையால் அழுத்திக் கூடாரம் ஆக்கலாம். கடையிலிருந்து பெரிய அட்டைப்பெட்டி கிடைக்குமாயின், பெரியவர் ஒருவர் அதில் வாயிலும் பலகணியும் வெட்டித் தரலாம். சிறுவர்கள் அதற்கு வண்ணம் பூசுவர். பயன் முடிந்ததும் பெட்டியைத் தட்டையாக மடித்துச் சுவரோரம் சாய்த்து வைக்கலாம். உள்ளே ஒரு பழம்பாயும், இரண்டு மூன்று நூல்களும், ஒரு தகரப்பெட்டியில் குழந்தையின் செல்வங்களும் இருந்தால் அரண்மனைக்கு நிகராகும். ஒன்று மட்டும் நினைவிற் கொள்ளத்தக்கது: பெரியவர்கள் எல்லாவற்றையும் தாமே கட்டி முடித்துக் கொடுத்தல் கூடாது. கட்டுவதே விளையாட்டின் பாதி.

மறைவிடம் என்பது இடர் தரும் இடமாகிவிடக் கூடாது. சிற்றிலின் வாயில் எப்பொழுதும் திறந்திருத்தல் வேண்டும், காற்றுப் புகும் மெல்லிய பருத்தித் துணியே கூரையாதல் வேண்டும், நெகிழித்தாள் ஆகாது. அடுப்பிற்கும் மின்கம்பிக்கும் எட்டியே அமைத்தல் வேண்டும். உள்ளே விளக்கும் மெழுகுவத்தியும் கொசுவத்தியும் வைத்தல் கூடாது. கயிற்றின் நுனி கழுத்தில் சிக்குமாறு தொங்குதலும் கூடாது. கூரைத்துணியை அழுத்துவதற்குச் செங்கல்லையும் அம்மிக்குழவியையும் மேலே ஏற்றி வைத்தல் பெரும்பிழை. மூன்று வயதிற்குட்பட்ட குழந்தையைத் தனியே உள்ளே விடலாகாது. மேலும், இரும்புப் பெட்டி, பூட்டும் அலமாரி, பழைய குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றினுள் ஒருகாலும் ஒளிதல் கூடாது. உள்ளிருந்து திறக்க இயலாத பெட்டியில் காற்று விரைவில் தீர்ந்துவிடும். முற்காலத்துக் குளிர்பதனப் பெட்டிகளுள் ஒளிந்த குழந்தைகள் பலர் வெளியே வர இயலாமல் மாண்டனர். ஆதலின், அப்பெட்டிகளை உள்ளிருந்தும் திறக்குமாறு செய்தல் வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. மூடிய பெட்டி சிறை. திறந்த திரையே சிற்றில். இவ்வேறுபாட்டை ஒவ்வொரு சிறுவனும் சிறுமியும் அறிந்திருத்தல் நன்று.

பெரியோர்க்கும் இதில் கடமை உண்டு. குழந்தையின் சிற்றிலுக்குள் நுழையுமுன், "உள்ளே வரலாமா?" என்று கேட்டல் சிறுமையன்று, பெருமையே. அக்கேள்வியைக் கேட்டு வளர்ந்த குழந்தை, பிறர் அறைக்குள் நுழையுமுன் தானும் கேட்கும். காது மட்டும் எப்போதும் குழந்தையின் குரலுக்குத் திறந்திருத்தல் வேண்டும். அச்சமோ துன்பமோ நேரின் உடனே அழைக்கலாம் என்பதைக் குழந்தைக்கு உணர்த்துதலும் வேண்டும். 1989-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமைகள் என்று கூறுகின்றது. அதன் 16-ஆம் பிரிவு, குழந்தையின் தனிமையில் முறையின்றித் தலையிடுதல் கூடாது என்கின்றது. இந்தியா 1992-ஆம் ஆண்டில் இவ்வுடன்படிக்கையை ஏற்றது. உலக அவை எழுதிய இவ்வுரிமைகள் ஓரறை வீட்டில் நிலைபெறுவதற்கு ஒரு பழம்புடவையும் சிறிது பொறுமையும் துணைசெய்யும்.

வீட்டின் பெருமை அதன் பரப்பில் இல்லை. அதில் வாழ்வோர் ஒருவருக்கொருவர் இடந்தருவதில் உள்ளது. நால்வர் நெருங்கி அமர்ந்து ஐந்தாமவருக்கு ஒரு மூலையை விட்டுக்கொடுக்கும் குடும்பத்தில் குழந்தை இரண்டு பாடங்களைக் கற்கின்றது: தனக்கென ஓரிடம் உண்டு என்பது ஒன்று, அதனை உரிய பொழுதில் பிறர்க்கு விட்டுக்கொடுத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. இன்று கட்டிலடியில் புடவை கட்டி வாழும் சிறுமி, நாளை ஒரு வீட்டைக் கட்டியாளும் தலைவியாவாள். ஊருக்கே வீடுகள் அமைக்கும் பொறியாளராதலும் கூடும். அவள் அன்று பிறர்க்கு எத்துணை இடந்தருவாள் என்பது, இன்று அவளுக்கு நாம் தரும் பன்னிரண்டு சதுர அடியைப் பொறுத்தது. ஆதலின், சிறுவர்தம் சிற்றிலைச் சிதையாது காத்தல் பெரியோர் கடன். அதனைப் பொழுதறிந்து மடித்து வைத்தல் சிறுவர் கடன்.